வில்லாளியைச் சமன்செய்வது எப்படி: தூரத்திலிருந்து அடிக்கும் கிளாஸ்களுக்கு முழுமையான வழிகாட்டி

வில்லாளி ரொம்ப பலம் என்று புகார் வந்தவுடன், புதிதாகக் கேம் செய்கிறவர்கள் நேராகப் போய்க் கை வைப்பது டேமேஜ் எண்ணில், அதாவது ஒரு அடி எதிரியின் உயிரில் எவ்வளவு குறைக்கும் என்ற எண்ணில். 90ஐ 80 ஆக்குவார்கள்; வில்லாளியை எடுக்க ஆள் இருக்காது. 95 ஆக்குவார்கள், பழைய புகார் திரும்ப வரும். இப்படியே மூன்று மாதம் ஓடிவிடும்.

தூரத்திலிருந்து அடிக்கும் கிளாஸுக்கு, அதாவது ஆடுகிறவர் எடுக்கும் அப்படிப்பட்ட பாத்திர வகைக்கு, சொத்தே அந்தத் தூரம்தான். எதிரி கிட்டே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்குள் அவன் திருப்பி அடிக்க முடியாமல் எத்தனை அம்பு இலவசமாகப் படுகிறது என்ற இரண்டையும் சரிசெய்துவிட்டால் டேமேஜில் செய்ய வேண்டிய வேலை மிகக் கொஞ்சம். அதனால் இங்கே டேமேஜ் 7ஆவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னமும் சொல்லும் பெஸ்தாரி ஜெயா மாதிரி மலேசியத் தோட்டப்புற ஊர்களில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து கோடோ, யூனிட்டி, ரோப்லாக்ஸ் போன்ற கேம் செய்யும் மென்பொருள் எதிலாவது சின்னதாக ஒரு ஆன்லைன் கேம் செய்கிறார்கள். பத்துப் பதினைந்து பேரை வைத்துச் சோதிக்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது. பெரிய கம்பெனிகளிடம் லட்சக்கணக்கான ஆட்டங்களின் கணக்கு இருக்கும். உங்களிடம் இருக்காது. ஆகவே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழிதான் இங்கே அதிகம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லா எண்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். உயிர், வேகம், எட்டும் தூரம், கூல்டவுன் (ஒரு திறனை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) எல்லாம் புரோகிராம் கோடுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தால், ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்துவிடுவீர்கள். சோதனை நடக்கும்போது கேமை மறுபடி பில்ட் செய்யாமலே எண்ணை மாற்ற முடிய வேண்டும்.

தடையே இல்லாத ஒரு சமதள வரைபடம் வேண்டும். தரையில் 5 மீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். கண்ணால் தூரம் தெரிந்தால்தான் சோதிக்கிறவர்கள் "ரொம்ப தூரத்திலிருந்து அடிக்கிறான்" என்று சொல்லாமல் "20 கோட்டிலிருந்து அடிக்கிறான்" என்று சொல்வார்கள்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி பதிவாக வேண்டும்: நேரம், அடித்தவர், பட்டவர், இருவருக்கும் இடையில் தூரம், டேமேஜ், இருவரின் பிங் (செய்தி இணையத்தில் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்). தூரத்தைப் பதியாமல் விடுவதுதான் இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழை. அது இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

கடைசியாக, நேர்கோட்டில் ஓடி வந்து அடிக்கும் ஒரு வாள்கார பாட், அதாவது கணினியே ஆட்டும் ஆள். மனிதர்களை வைத்துச் சோதிக்கும் முன் இதை வைத்துத்தான் கணக்கைச் சரிபார்ப்பீர்கள்.

2. அடிப்படை எண்களை எழுதி வையுங்கள்

இந்த வழிகாட்டி முழுக்க இந்த எண்களே வரும். உங்கள் கேமின் எண்கள் வேறாக இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

வாள்காரன்: உயிர் 1000, ஓடும் வேகம் வினாடிக்கு 6 மீட்டர், வாள் எட்டும் தூரம் 2 மீட்டர், கவசம் கழித்து வில்லாளிக்குத் தரும் டேமேஜ் வினாடிக்கு 100.

வில்லாளி: உயிர் 700, ஓடும் வேகம் அதே 6 மீட்டர், அம்பு எட்டும் தூரம் 25 மீட்டர், ஒரு அம்புக்கு டேமேஜ் 90, அம்புக்கு அம்பு 1.2 வினாடி, அதில் நாண் இழுக்கும் 0.5 வினாடி நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு சண்டை எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இங்கே 10 முதல் 13 வினாடி. இதை முடிவு செய்யாமல் போனால், பிறகு வரும் ஒவ்வொரு வாக்குவாதமும் சண்டை நீளத்தைப் பற்றியதாக இருக்கும். கிளாஸைப் பற்றியதென்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

3. நின்ற இடத்தில் நிற்கும் வில்லாளிக்கு எத்தனை இலவச அம்பு?

வாள்காரன் 25 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு வர வேண்டும். 23 மீட்டர், வேகம் 6. அதாவது 3.83 வினாடி. முதல் அம்பு 0 வினாடியில் புறப்படுகிறது என்று வைத்தால், 0, 1.2, 2.4, 3.6 என்று நாலு அம்பு. 360 டேமேஜ் இலவசம்.

கிட்டே வந்தபின் வில்லாளி 7 வினாடியில் சாவான். மொத்தம் 10.83 வினாடி. அதற்குள் 10 அம்பு, 900 டேமேஜ். வாள்காரன் 100 உயிரோடு ஜெயிக்கிறான்.

இதுதான் சரி. ஓடாமல் மரம் மாதிரி நிற்கும் வில்லாளி தோற்க வேண்டும். நின்றுகொண்டே ஜெயிக்க முடிந்தால் அந்த கிளாஸில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, எதிரே இருப்பவனுக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

பாட்டை ஓடவிட்டு, பதிவில் நாலு இலவச அம்பு வருகிறதா என்று பாருங்கள். மூன்றோ ஐந்தோ வந்தால் கேமில் எங்கோ பிழை. தூரத்தை உடலின் நடுவிலிருந்து அளப்பதற்குப் பதில் விளிம்பிலிருந்து அளப்பது, முதல் அம்புக்கும் நாணிழுப்பு நேரம் சேர்ந்துவிடுவது: பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

4. பின்வாங்கிக்கொண்டே அடிப்பதைக் கணக்கிடுங்கள்

ஆடுகிறவர்கள் இதைக் கைட் அடிப்பது என்பார்கள். ஒரு அம்பு, நாலடி ஓட்டம், மறுபடி ஒரு அம்பு.

வில்லாளி 1.2 வினாடியில் 0.5 வினாடி நிற்கிறான், 0.7 வினாடி ஓடுகிறான். சராசரி வேகம் 6 × 0.7 ÷ 1.2 = 3.5 மீட்டர். துரத்துகிறவன் 6. ஆக நெருங்கும் வேகம் 2.5 மீட்டர் மட்டுமே. 23 மீட்டரைக் கடக்க 9.2 வினாடி, அதற்குள் 8 அம்பு.

1000 உயிரை எடுக்க 12 அம்பு வேண்டும். 12ஆவது அம்பு 13.2 வினாடியில் புறப்படும். வாள்காரன் கிட்டே இருந்தது 4 வினாடிதான். வில்லாளி 300 உயிரோடு ஜெயிக்கிறான்.

அதே இரண்டு பேர், அதே டேமேஜ். ஓடத் தெரிந்ததால் முடிவு தலைகீழ். இந்த இடைவெளி இருப்பது நல்லது. எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை முடிவு செய்யும் எண் நாணிழுப்பு. 0.5ஐ 0.6 ஆக்கினால் சராசரி வேகம் 3 ஆகும், நெருங்கும் வேகம் 3 ஆகும், 23 மீட்டர் 7.67 வினாடியில் முடியும். எட்டு அம்பு ஏழாகிறது. டேமேஜை 10 சதவீதம் வெட்டுவதைவிட இது நல்ல வெட்டு, ஏனென்றால் நின்று அடிப்பவனுக்கு இது தெரியவே தெரியாது. நன்றாக ஓடுகிறவனுக்கு மட்டும் படும்.

நாணிழுப்பே இல்லாமல் ஓடிக்கொண்டே அடிக்கவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நெருங்கும் வேகம் 0. வாள்காரன் ஜென்மத்துக்கும் எட்ட மாட்டான்.

5. ஸ்லோ: சின்ன எண், பெரிய சேதம்

புதியவர்கள் அதிகமாக விழுவது இந்தக் குழியில். பனி அம்பு ஒன்று சேர்ப்பார்கள், 30 சதவீதம் ஸ்லோ. 30 சதவீதம்தானே என்று தோன்றும்.

வாள்காரனின் வேகம் 6லிருந்து 4.2 ஆகிறது. கைட் அடிப்பவன் சராசரி 3.5. நெருங்கும் வேகம் 2.5லிருந்து 0.7க்கு விழுகிறது. 23 மீட்டரைக் கடக்க 32.9 வினாடி. முன்பு 9.2. முப்பது சதவீதம் என்று எழுதிய எண், துரத்தும் நேரத்தை மூன்றரை மடங்குக்கு மேல் நீட்டிவிட்டது.

இதோடு கடையில் 15 சதவீதம் வேகம் கூட்டும் காலணி ஒன்றும் விற்கிறீர்கள் என்று வையுங்கள். வில்லாளியின் சராசரி 4.025 ஆகும். நெருங்கும் வேகம் 0.175. நேரம் 131 வினாடி. ஸ்லோவைச் செய்தவரும் காலணியைச் செய்தவரும் வேறு வேறு ஆள், இரண்டு பேரும் தனித்தனியே சோதித்துச் சரி என்று சொல்லியிருப்பார்கள். இங்கேதான் "அண்ணே, கிட்ட போகவே முடியல லா" என்ற புகார் பிறக்கிறது. அது நூற்றுக்கு நூறு உண்மைப் புகார்.

ஆகவே ஸ்லோவையும் வேகக் கூட்டலையும் சதவீதமாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நெருங்கும் வேகத்தை எடுத்து எழுதுங்கள். கைட் அடிக்கும் நிலையில் அது 1.5 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்களில் 15 சதவீத ஸ்லோ அந்தக் கோட்டுக்குள் நிற்கும் (5.1 − 3.5 = 1.6), 20 சதவீதம் நிற்காது.

பலமான ஸ்லோ கட்டாயம் வேண்டுமென்றால் நேரத்தைக் குறுக்குங்கள்: 40 சதவீதம், ஆனால் 1 வினாடி, கூல்டவுன் 10 வினாடி. அடுத்தடுத்துப் பட்டால் பலம் குறையட்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் வெகுகாலமாக இருந்த முறை நல்ல மாதிரி: எதிரியை முடக்கிக் கட்டிப்போடும் ஒரே வகைக் கட்டு ஒருவர் மேல் முதல் முறை முழு நேரம், அடுத்து பாதி, அடுத்து கால், அதற்கடுத்து படவே படாது. மூன்று வில்லாளிகள் ஒருவனையே பிடித்துக் கட்டிப்போடுவதை இது தடுக்கும்.

6. எட்டும் வழியைக் கொடுங்கள்

வாள்காரனுக்கு ஒரு பாய்ச்சல்: 10 மீட்டரை 0.5 வினாடியில் கடப்பான், கூல்டவுன் 12 வினாடி.

கைட் கணக்கு இப்போது இப்படி மாறும். 23இல் 10 பாய்ச்சலில் போகிறது, மீதி 13 மீட்டர் 2.5 வேகத்தில் 5.2 வினாடி. மொத்தம் 5.7 வினாடி, 5 இலவச அம்பு. பிறகு 7 வினாடியில் வில்லாளி சாவான். ஆக 12.7 வினாடி, 11 அம்பு, 990 டேமேஜ். வாள்காரன் 10 உயிரோடு தப்புகிறான். கிட்டத்தட்ட சரிபாதி.

வில்லாளிக்குத் தப்பிக்கும் உருளல் கொடுக்க ஆசை வரும். கொடுக்கலாம், ஆனால் விலை தெரிந்து கொடுங்கள். 6 மீட்டர் உருளல் என்றால், 2.5 வேகத்தில் அதை எட்ட வாள்காரனுக்கு 2.4 வினாடி, அதாவது இரண்டு அம்பு, 180 டேமேஜ். உருளலின் கூல்டவுன் பாய்ச்சலின் கூல்டவுனைவிட நீளமாக இருக்க வேண்டும். 18 வினாடி வையுங்கள். இரண்டும் 12 என்றால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு உருளல் தயாராக இருக்கும். பாய்ச்சலைக் கொடுத்ததே வீண்.

கிட்டே வந்தபின் வில்லாளியை முடக்க, குறைந்தபட்ச எய்தூரம் வைக்கும் யோசனை பலருக்கு வரும். வேண்டாம். வார்கிராஃப்டில் ஆரம்ப காலத்தில் ஹன்ட்டர் என்ற எய்யும் கிளாஸுக்கு 8 கஜத்துக்குள் எய்ய முடியாது, கை ஆயுதமோ 5 கஜம்தான் எட்டும். இடைப்பட்ட மூன்று கஜத்தில் எதிரி வந்து நின்றால் எதுவுமே செய்ய முடியாது. 2012இல் வந்த மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா என்ற அதன் விரிவாக்கத்தில் குறைந்தபட்ச எய்தூரத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், 3 மீட்டருக்குள் எதிரி இருந்தால் நாணிழுப்பை 0.5லிருந்து 0.8 ஆக்குங்கள். ஆடுகிறவர் கை கட்டப்பட்டதாக உணர மாட்டார். நெருக்கத்தில் நிற்பது நஷ்டம் என்பது மட்டும் புரியும். இப்படி மாற்றினால் 3ஆம் படியிலிருந்து கணக்கை மறுபடி போட வேண்டும்.

7. இப்போதுதான் டேமேஜ்

மேலே பார்த்த கடைசிக் கணக்கில் வாள்காரன் 10 உயிரோடு தப்பினான். அம்பின் டேமேஜை 90லிருந்து 91 ஆக்குங்கள். 11 அம்பு 1001. பதினோராவது அம்பு 12 வினாடியில் புறப்படுகிறது, வில்லாளி சாவது 12.7இல். வில்லாளி ஜெயித்துவிட்டான்.

இப்போது 91ஐ 99 வரை ஏற்றுங்கள். எதுவும் மாறாது. 99இலும் பத்து அம்பு 990தான், பதினோராவது வேண்டும். எட்டுப் புள்ளி ஏற்றியும் ஒன்றுமில்லை.

100 ஆக்குங்கள். பத்தே அம்பு போதும். 3ஆம் படியில் மரம் மாதிரி நின்றவனை நினைவிருக்கிறதா? அவனுடைய பத்தாவது அம்பு 10.8 வினாடியில் புறப்படுகிறது, அவன் சாவது 10.83இல். நின்ற இடத்தைவிட்டு அசையாமலே வாள்காரனைச் சாய்க்கிறான். அம்பு போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு பேரும் ஒன்றாகச் சாவார்கள். எய்தவன் செத்த பிறகு காற்றில் இருக்கும் அம்பு பாயுமா, மறையுமா என்பதை இதற்காகவே முன்கூட்டி முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். பாய்வதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து.

எனவே டேமேஜை மாற்றும் முன், கொல்ல எத்தனை அம்பு வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மாறும் இடங்கள்தான் படிகள். இடையில் இருப்பது வெறும் எண். வாள்காரனின் உயிரைக் கூட்டும் பொருள்கள் கடையில் இருந்தால் அவற்றையும் போட்டுப் பாருங்கள். 50 உயிர் கூட்டும் ஒரு மோதிரம் போதும், 91இலும் மறுபடி 12 அம்பு வேண்டும்.

குறிக்கோளாக இந்த மூன்று தேர்வையும் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் வில்லாளி தோற்க வேண்டும். கைட் அடிப்பவன், பாய்ச்சலை வீணாக்கிய வாள்காரனை ஜெயிக்க வேண்டும். கைட் அடிப்பவனும் பாய்ச்சலைச் சரியாகப் போட்டவனும் மோதினால் மயிரிழையில் முடிய வேண்டும். மூன்றும் தேறும் எண் எதுவோ அதுதான் உங்கள் டேமேஜ்.

இரட்டை டேமேஜ் தரும் கிரிட்டிக்கலை வில்லாளிக்குத் தாராளமாகக் கொடுக்காதீர்கள். இலவச அம்புகளில் இரண்டு கிரிட்டிக்கல் விழுந்தால், எதிரி ஒரு அடி கூட அடிக்கும் முன் பாதி செத்திருப்பான்.

8. அம்பின் வேகமும் பிங்கும்

மேலே எல்லா அம்பும் பட்டதாகக் கணக்குப் போட்டோம். அது உச்சவரம்பு. உண்மையில் எதிரி விலகுவான். அவன் விலக முடிகிறதா என்பது அம்பின் வேகத்தையும் அவன் வீட்டு இணையத்தையும் பொறுத்தது.

அம்பு வினாடிக்கு 40 மீட்டர் பறந்தால் 25 மீட்டருக்கு 0.625 வினாடி. பார்த்துச் சுதாரிக்க மனிதனுக்கு 0.25 வினாடி ஆகும் என்று வையுங்கள். அதோடு பிங் முழுவதும் கழிய வேண்டும்: அம்பு புறப்பட்ட செய்தி அவனுக்கு வர பாதி, அவன் விலகிய செய்தி சர்வருக்குப் போக பாதி. மீதி நேரத்தில் வேகம் 6இல் எவ்வளவு நகர்வான் என்று பாருங்கள்.

பிங் 30 மில்லிவினாடி: 2.07 மீட்டர்.
பிங் 100: 1.65 மீட்டர்.
பிங் 250: 0.75 மீட்டர்.

உடலின் ஆரம் 0.5, அம்பின் ஆரம் 0.2 என்றால் தப்ப 0.7 மீட்டர் நகர வேண்டும். 250 பிங்காரன் மயிரிழையில் தப்புவான், அதுவும் முழு 25 மீட்டரில் மட்டும். 20 மீட்டரில் அவனுக்கு மிச்சமே இல்லை. அம்பைப் பார்க்கும்போதே பட்டாயிற்று.

தோட்டப்புறத்தில் இது கற்பனை இல்லை. சர்வர் சிங்கப்பூரில் இருக்கும். ஊர்க் கடைத்தெரு வீட்டில் ஃபைபர் இருக்கும். ஆறு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக்கு நடுவில் இருக்கும் லயத்து வீட்டில் கைப்பேசி டேட்டாதான். சாயங்கால மழையில் அதுவும் ஆடும். இரண்டு பேரும் ஒரே கேமில் ஒருவரையொருவர் அடிக்கிறார்கள். டவுனில் இருக்கும் நால்வரை மட்டும் வைத்துச் சோதித்தால் வில்லாளி சரியாகத்தான் தெரிவான். குறைந்தது இரண்டு பேராவது தோட்டத்து வீட்டிலிருந்தே, கைப்பேசி டேட்டாவில் ஆட வேண்டும்.

சரிசெய்யும் இடம் அம்பின் வேகம். 40ஐ 32 ஆக்கினால் 25 மீட்டருக்கு 0.78 வினாடி; 250 பிங்காரனுக்கு 1.69 மீட்டர் கிடைக்கிறது. 20 மீட்டரில் 0.75. இரண்டிலும் தப்ப வழி இருக்கிறது. எய்கிறவன் கொஞ்சம் முன்தள்ளிக் குறிவைக்கப் பழக வேண்டும். அது திறமைக்கு வேலை.

அம்பு பட்டதா என்பதைச் சர்வர் மட்டுமே முடிவு செய்யட்டும். எய்தவனின் கணினி சொல்வதை அப்படியே ஏற்றால், லேக் (இணையத் தாமதம்) அதிகமானவன் பாறைக்குப் பின்னால் போய்விட்டவனையும் கொல்வான். மின்னல் மாதிரி உடனே படும் மந்திரத்துக்குச் சர்வர், எய்த கணத்தில் எதிரி எங்கே இருந்தான் என்று காலத்தைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு 200 மில்லிவினாடி என்று ஒரு உச்சவரம்பு வையுங்கள். மெதுவாகப் பறக்கும் அம்புக்கு அது தேவையே இல்லை.

9. வரைபடம்: மறைவுக்கு மறைவு எத்தனை அம்பு?

சமதளத்தில் சமமான கிளாஸ் உண்மை வரைபடத்தில் சமமாக இருக்காது. மறைவிடங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அம்புக் கணக்கில் அளங்கள். 5 மீட்டர் இடைவெளியை ஓடிக் கடக்க 0.83 வினாடி: ஒரு அம்பு. 9 மீட்டர்: 1.5 வினாடி, இரண்டு அம்பு. 25 மீட்டர் வெட்டவெளி: நாலு.

நல்ல மாதிரி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. செம்பனையை முக்கோண அமைப்பில் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். நிரை நெடுக நின்று பார்த்தால் கண்ணுக்குத் தடையே இல்லை, கடைசி மரம் வரை தெரியும். கொஞ்சம் கோணம் மாறினால் மரம் மறைத்துவிடும். இந்த அமைப்பை அப்படியே வரைபடத்தில் போட்டால், வில்லாளிக்கு நிரை நெடுக நீண்ட பார்வை கிடைக்கும். வாள்காரன் நிரை மாறி மாறி ஓடி ஒரு நேரத்தில் இரண்டு அம்புக்கு மேல் வாங்காமல் வரலாம். இருவருக்குமே யோசிக்க வேலை இருக்கும். ஒரே மாதிரிப் பாறைகளை இஷ்டத்துக்குத் தூவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மேடு வைத்தால் ஏற இரண்டு வழி வையுங்கள், அதில் ஒன்று பாய்ச்சல் எட்டும் 10 மீட்டருக்குள் இருக்கட்டும். டோட்டா 2 என்ற கேமில் கீழிருந்து மேட்டில் நிற்பவரை எய்தால் 25 சதவீதம் தவறும். அப்படி ஒரு விதியைக் காப்பியடிக்கும் முன், மேட்டில் ஏறி நிற்பது பெரும்பாலும் வில்லாளிதான் என்பதை மறக்காதீர்கள்.

10. ஐவருக்கு ஐவர்

ஒருவருக்கு ஒருவர் சமம் என்றால் ஐவருக்கு ஐவரும் சமம் என்று நினைப்பது பெரிய பிழை.

ஐந்து வில்லாளிகள் ஒருவனையே குறிவைத்தால் ஒரு சுற்றுக்கு 450. மூன்றாவது சுற்றில், 2.4 வினாடியில், முதல் வாள்காரன் காலி. அவன் அப்போது ஓடியிருப்பது 14.4 மீட்டர், இன்னும் 8.6 மீட்டர் பாக்கி. வாள்காரர்கள் ஐவரும் ஒருவனை அடிக்க வேண்டுமென்றால் அவனைச் சுற்றி நிற்க இடம் வேண்டும், ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். தூரத்திலிருந்து அடிப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆள் கூடக் கூட அவர்கள் பலம் எண்ணிக்கையின் சதுரமாக ஏறும் என்று லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916இலேயே போருக்குக் கணக்குப் போட்டார்.

இதற்கு வில்லாளியைத் தனியாக வெட்டாதீர்கள். 7ஆம் படி கெட்டுவிடும். அம்பு முதலில் படும் உடலில் நிற்கட்டும், பின்னால் வருபவனுக்குப் போகக் கூடாது. பிறகு ஒரு கேடயக்காரன்: உயிர் 1400, கேடயம் தூக்கி நடக்கும் வேகம் 4.5, முன்பக்க டேமேஜில் 30 சதவீதம் மட்டும் படும். 23 மீட்டர் நடக்க அவனுக்கு 5.1 வினாடி, ஐந்து சுற்று, 675 டேமேஜ். 725 உயிரோடு போய்ச் சேர்கிறான், முதுகுக்குப் பின்னால் வந்தவர்கள் மேல் கீறல் கூட இல்லை. வில்லாளிகள் பக்கவாட்டில் பிரிந்து போனால்தான் அவர்களை அடிக்க முடியும். பிரிந்தால் ஒருவனையே குறிவைப்பது கஷ்டம்.

11. மந்திரவாதிக்கு

அதே படிகள்தான், இரண்டு வித்தியாசம். மந்திரம் சொல்லும் 2 வினாடியில் அடிபட்டால் மந்திரம் கலைய வேண்டும். கலையாவிட்டால் அவன் டேமேஜ் கூடிய வில்லாளி, அவ்வளவுதான். பரப்பில் விழும் தீ மந்திரத்துக்கு, தரையில் அடையாளம் தோன்றி வெடிக்கும் வரை உள்ள நேரத்தை 8ஆம் படிக் கணக்கில் 250 பிங்கில் போடுங்கள். ஆரம் 3 மீட்டர் என்றால், நடுவில் நிற்பவன் வெளியேற ஓட்டமே 0.5 வினாடி, சுதாரிக்க 0.25, பிங் 0.25. ஆக 1 வினாடிக்குக் கீழே போகாதீர்கள்.

12. பாஸ் சண்டையைத் தனியாக அளங்கள்

பெரிய அரக்கனோடு மோதும்போது, அவன் காலடியில் தீ பரவினால் வாள்காரன் விலகி நிற்க வேண்டும். வில்லாளி நின்ற இடத்திலிருந்தே அடிப்பான். வாள்காரன் 80 சதவீத நேரம்தான் அடிக்கிறான், வில்லாளி 95 சதவீதம் என்று பதிவு சொன்னால், தாளில் வாள்காரனின் டேமேஜ் 1.19 மடங்கு இருந்தால்தான் இருவரும் சமம். மற்ற ஆட்டக்காரர்களோடு ஒன்று, அரக்கர்களோடு ஒன்று என்று இரண்டு பெருக்கு எண்களைக் கோப்பில் தனித்தனியாக வையுங்கள். ஒரே எண் என்றால் இங்கே சரிசெய்தது அங்கே கெடும்.

13. சோதனை இரவு

பத்துப் பேரைத் தோட்ட மண்டபத்திலோ யார் வீட்டிலோ கூட்டி உட்காரவைப்பது நல்லதுதான், ஆனால் தோட்டத்து வீட்டு இணையத்தில் ஆட வேண்டிய இரண்டு பேரை அங்கே அழைத்து வந்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் அரை மணி நேரம் பாட்டோடு: 3, 4, 6 படிகளின் எண்கள் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். அடுத்து ஜோடி ஜோடியாக ஒருவருக்கொருவர், 10 ஆட்டம் முடிந்ததும் கிளாஸை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தை விட்டால் சோதனையே பயனில்லை. வில்லாளியையே எப்போதும் எடுக்கும் தம்பி பெரும்பாலும் கூட்டத்தில் கை தேர்ந்தவனாக இருப்பான். அவன் ஜெயிப்பது வில்லினாலா கையினாலா என்று மாற்றி ஆடினால்தான் தெரியும். கடைசியாக ஐவருக்கு ஐவர்.

தோற்றவர் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் வைக்காதீர்கள். எல்லாரும் ஜெயிக்கும் கிளாஸையே பிடித்துக்கொள்வார்கள்.

முடிவைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. 20 ஆட்டத்தில் வில்லாளி 12 ஜெயித்தால் 60 சதவீதம் என்று பதறுவார்கள். முற்றிலும் சமமான இருவர் ஆடினாலும் அவர்களில் குறிப்பிட்ட ஒருவருக்கு 12 அல்லது அதற்கு மேல் வெற்றி கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சதவீதம் ஓரளவு நிலைக்க நானூறு ஆட்டம் வேண்டும். அது வரை வெற்றிக் கணக்கை ஓரமாக வையுங்கள். அதற்குப் பதில் பதிவிலிருந்து இந்த மூன்றை எடுங்கள்: ஒரு சண்டைக்குச் சராசரி இலவச அம்பு எத்தனை, எய்ததில் எத்தனை சதவீதம் பட்டது, எந்தத் தூரத்தில் பட்டது. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான அம்புகள் கிடைக்கும், அவை பொய் சொல்லாது.

புகார்களையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் தீர்வை ஆடுகிறவரிடம் கேட்காதீர்கள். "ஓபி, நெர்ஃப் பண்ணுங்க" (பலம் மிஞ்சிப் போச்சு, குறைங்க) என்பது தீர்வு. "பாய்ஞ்சு போய் நின்னேன், அதுக்குள்ள பாதி உயிர் இல்ல" என்பது தகவல். அந்த நேரத்தைப் பதிவில் தேடிப் பாருங்கள்.

14. மாற்றும்போது

ஒரு சோதனைக்கு ஒரு எண். நாணிழுப்பு, ஸ்லோ, பாய்ச்சல், அம்பின் வேகம் என்ற வரிசையில் பாருங்கள். நாலிலும் பிடி கிடைக்காவிட்டால் மட்டும் டேமேஜ். அதை ஒரு முறைக்கு 10 சதவீதத்துக்கு மேல் அசைக்க வேண்டாம். எட்டும் தூரமான 25ஐத் தொட்டால் எல்லாக் கணக்கும் 3ஆம் படியிலிருந்து தொடங்கும். அதற்கு ஒரு முழு வார இறுதி வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கோப்பைத் தேதி போட்டு வேறு பெயரில் சேமியுங்கள். முதல் வரியில் பழைய எண், புதிய எண், எந்தப் பதிவைப் பார்த்து மாற்றினீர்கள் என்பது இருக்கட்டும். அடுத்த சோதனையில் இலவச அம்பு எண்ணிக்கை நீங்கள் கணக்குப் போட்ட பக்கம் நகராவிட்டால், பழைய கோப்பைத் திரும்பப் போட்டுவிட்டு 3ஆம் படியின் பாட்டை மறுபடி ஓடவிடுங்கள்.